ரீகால் கடுதாசி யார் வீட்டுக்குப் போச்சு?

கொஞ்ச நாளா ஆணி அதிகம், இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியல. அதுக்கும் சேர்த்து இந்த வாட்டி கொஞ்சம் நீளமான பதிவு. டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டுப் படிங்க. கார் பத்தின பதிவு தான், ஆனா மைலேஜ், பிக்கப்னு ரிவ்யூ எழுதப் போறதில்ல. இது ஒரு கடுதாசியோட வரலாறு.

எங்க வடக்குத்து நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டின ஊர். இங்க செகண்ட் ஹேண்ட் கார் வாங்குறதுக்குன்னு ஒரு முறை இருக்கு. தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போவோம். அவர் பானெட்டைத் திறந்து இன்ஜின் சத்தம் கேப்பார், கதவைத் தட்டிப் பார்த்து பட்டி பூசியிருக்கான்னு சொல்வார், டயரைப் பார்ப்பார், கிலோமீட்டரைத் திருப்பி வச்சிருக்காங்களான்னு சந்தேகப்படுவார். "என்.எல்.சி. ஆபீசர் ஓட்டுன வண்டி, சிங்கிள் ஓனர்"னு யாராவது சொல்லிட்டா விலை கொஞ்சம் ஏறும். எல்லாம் பார்த்து முடிச்சதும் டோக்கன் அட்வான்ஸ்.

இதுல யாருமே கேக்காத கேள்வி ஒன்னு இருக்கு. "இந்த வண்டிய கம்பெனி எப்பவாவது திரும்பக் கூப்பிட்டாங்களா? கூப்பிட்டப்ப கொண்டு போனீங்களா?"

இந்தக் கேள்வி ஏன் முக்கியம், இது நம்ம ஊருக்கு வந்து சேர ஏன் இத்தனை வருஷம் ஆச்சுன்னு தான் இந்தப் பதிவு.

கதை ஆரம்பிச்ச இடம்

அமெரிக்காவுல 1965-ல ரால்ஃப் நேடர்ங்கிற வக்கீல் கார் கம்பெனிகளைத் தாக்கி ஒரு புத்தகம் எழுதினார். விபத்துன்னா ஓட்டுறவன் தப்புன்னு மட்டுமே பேசிக்கிட்டு இருந்த காலம் அது. வண்டியோட டிசைன்லயே கோளாறு இருக்கலாமேன்னு அவர் கேட்டார். ஜெனரல் மோட்டார்ஸோட கோர்வேர் காரின் பின்பக்க சஸ்பென்ஷனுக்கே ஒரு அத்தியாயம் ஒதுக்கினார். கம்பெனி என்ன பண்ணுச்சு தெரியுமா? அவர் பின்னாடி தனியார் துப்பறிவாளர்களை அனுப்புச்சு. விஷயம் வெளிய வந்து, 1966 மார்ச்ல கம்பெனித் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் கமிட்டி முன்னாடி உக்காந்து மன்னிப்பு கேட்டார். நம்ம ஊர் சினிமா வில்லன் கூட இவ்ளோ சீக்கிரம் மாட்ட மாட்டான் :-)

அதே 1966 செப்டம்பர்ல ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்துல கையெழுத்து போட்டார். பாதுகாப்புக் கோளாறு தெரிஞ்சா கம்பெனி வண்டி வாங்கினவங்களுக்குத் தபால்ல சொல்லியே ஆகணும்னு ஆச்சு. ரீகால் கடுதாசி பிறந்தது இப்படித்தான்.

ஆனா அந்தச் சட்டத்துல ரெண்டு ஓட்டை. ஒன்னு, தெரிவிக்கணும்னு தான் இருந்துச்சே தவிர, இலவசமா சரி பண்ணித் தரணும்னு இல்ல. அது 1974 திருத்தத்துல தான் வந்துச்சு. ரெண்டாவது, கடுதாசி முதல்ல வாங்கினவங்களைக் குறிவச்சே எழுதப்பட்டுச்சு. வாரண்டி கை மாறியிருந்தா மட்டும் அடுத்த ஓனருக்கும் போகும். அதாவது பொறந்த அன்னைக்கே இந்தக் கடுதாசிக்கு செகண்ட் ஹேண்ட் ஓனர்னா யாருன்னு சரியாத் தெரியாது. இந்த ரெண்டாவது ஓட்டையை ஞாபகம் வச்சுக்கோங்க. மொத்தக் கதையும் அதைச் சுத்தித் தான்.

அப்புறம் 1978-ல ஃபோர்டு பின்டோ. பின்னாடி இருந்து இடிச்சா பெட்ரோல் டேங்க் உடைஞ்சு தீப்பிடிக்குதுன்னு பெரிய சர்ச்சை ஆகி, சுமார் 15 லட்சம் வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டாங்க. அதுக்கு அப்புறம் ரீகால்ங்கிறது அமெரிக்காவுல எல்லாருக்கும் தெரிஞ்ச வார்த்தை ஆயிடுச்சு.

1981 மாடல்ல இருந்து அங்க எல்லா வண்டிக்கும் ஒரே மாதிரி 17 எழுத்து அடையாள எண் கட்டாயம் ஆச்சு. நம்ம பாஷையில சொன்னா, ஒவ்வொரு காருக்கும் ஒரு பிரைமரி கீ. எந்த வண்டியில எந்தப் பார்ட் போட்டாங்கன்னு கம்பெனி டேட்டாபேஸ்ல தேடி எடுக்குறதுக்கு இந்த எண் தான் ஆதாரம். இதை நாம ஆர்.சி. புக்குல சேஸிஸ் நம்பர்னு பார்க்குறோம்.

நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கே பயம்

அம்பாசடர், பத்மினி காலத்துல கார் கிடைக்குறதே பெரிய விஷயம். புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருந்து வாங்கின வண்டிய, "கோளாறு இருக்கு, கொண்டு வாங்க"ன்னு கம்பெனி கூப்பிடும்னு யார் எதிர்பார்த்தா? 1988 மோட்டார் வாகனச் சட்டத்துலயும் ரீகால் பத்தி ஒரு பிரிவு கிடையாது. வண்டிக்கு ஃபிட்னஸ் பார்ப்பாங்க, புகை பார்ப்பாங்க. தயாரிப்புலயே தப்பு இருந்தா யார் பொறுப்புன்னு அந்தச் சட்டம் கேக்கல.

2010-ல மாற ஆரம்பிச்சுது. அந்த வருஷம் பிப்ரவரியில மாருதி சுமார் 1 லட்சம் ஏ-ஸ்டார் கார்களைத் திரும்பக் கூப்பிட்டுச்சு. பெட்ரோல் பம்ப்பு கேஸ்கெட் பிரச்சினை, எரிபொருள் கசியலாம்னு காரணம். அதே வருஷம் டாடா நானோ கார்கள் சில தீப்பிடிச்ச செய்தி பேப்பர்ல வந்துச்சு. நவம்பர்ல டாடா கம்பெனி வித்த நானோக்களுக்கு இலவசமா கூடுதல் பாதுகாப்பு அம்சங்கள் பொருத்தித் தரோம்னு அறிவிச்சுது. ஆனா "இது ரீகால் இல்ல"ன்னு அழுத்திச் சொன்னாங்க. வேலை கிட்டத்தட்ட அதே தான், பேர் மட்டும் வேற. ரீகால்னு சொன்னா வண்டி விக்காதுங்கிற பயம்.

2012 ஜூலையில கார் கம்பெனிகளோட சங்கமான சியாம், தானா முன்வந்து ரீகால் பண்றதுக்கு ஒரு நெறிமுறை கொண்டு வந்துச்சு. சட்டம் இல்ல, இஷ்டப்பட்டா செய்யலாம் அவ்ளோ தான். இருந்தாலும் அதுக்கு அப்புறம் எண்ணிக்கை எகிறுச்சு. 2013 ஜூலையில ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 1.14 லட்சம் டவேரா. அதே செப்டம்பர்ல ஃபோர்டு சுமார் 1.66 லட்சம் ஃபிகோ, கிளாசிக். இது ரெண்டும் நம்ம மறைமலை நகர் ஃபேக்டரி வண்டி. 2014 ஏப்ரல்ல மாருதி 1,03,311 வண்டி.

2019-ல மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் வந்து, 110ஏ-ன்னு புதுப் பிரிவு சேர்த்தாங்க. முதல் தடவையா அரசாங்கமே ஒரு கம்பெனியப் பார்த்து "வண்டிய திரும்பக் கூப்பிடு"ன்னு உத்தரவு போடலாம். அதுக்கான விதிமுறை 2021 மார்ச்ல வெளியாகி ஏப்ரல் 1-ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அபராதம் 10 லட்சத்துல இருந்து 1 கோடி வரைக்கும். வண்டி, பார்ட் மட்டும் இல்லாம, சாஃப்ட்வேர்ல இருக்குற கோளாறும் அதுல அடக்கம். பொட்டி தட்டுற நண்பர்கள் கவனிக்கவும்!

அமெரிக்கா 1966, நாம 2019. 53 வருஷ இடைவெளி.

அந்த விதிமுறையில ஒரு எண் இருக்கு: 7. தயாரிச்சு 7 வருஷத்துக்குள்ள இருக்குற வண்டிகளுக்குத் தான் இந்தக் கட்டாய ரீகால். அமெரிக்காவுல இலவசமா சரி பண்ணித் தர வேண்டிய காலம் முதல்ல 8 வருஷமா இருந்து, 10 ஆகி, 2015-ல 15 வருஷம் ஆச்சு. நம்ம ஊர் செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்ல 3 லட்சம் பட்ஜெட்ல தேடுறவங்க பார்க்குற வண்டிக்கு எத்தனை வயசு இருக்கும்னு நினைக்கிறீங்க? பெரும்பாலும் 7-ஐத் தாண்டியிருக்கும். கம்பெனி தானா முன்வந்து கூப்பிட்டது பழைய வண்டிக்கும் பொருந்தும், அது வேற கதை. ஆனா புதுசா ஒரு கோளாறு தெரிய வந்தா, அந்த வயசு வண்டிக்கு அரசாங்கம் கட்டாயப்படுத்த முடியாது.

டகாட்டா: வெயிலும் ஈரமும் சேர்ந்தா

"ஏதோ கேஸ்கெட், ஹோஸ் தானே, பார்த்துக்கலாம்"னு நினைக்கிறவங்களுக்கு இந்தப் பகுதி.

டகாட்டாங்கிறது ஜப்பான் கம்பெனி. உலகம் முழுக்க பல கார் பிராண்டுகளுக்கு ஏர்பேக் சப்ளை பண்ணுச்சு. ஏர்பேக் உப்புறதுக்கு ஒரு சின்ன உலோக டப்பாவுக்குள்ள வேகமா எரியுற ஒரு பொருள் இருக்கும். அதுக்கு டகாட்டா அம்மோனியம் நைட்ரேட்டைத் தேர்ந்தெடுத்துச்சு. சுரங்கம் பக்கத்துல வாழுற நமக்கு இந்தப் பேர் புதுசு இல்ல. உரமாவும் பயன்படும், பாறை உடைக்குற வெடிமருந்துலயும் சேரும். விலை மலிவு.

பிரச்சினை என்னன்னா, அதுக்கு ஈரம் ஆகாது. காத்துல ஈரப்பதம் அதிகமா இருந்து, பகல்ல சூடு ஏறி ராத்திரி குறைஞ்சு, இப்படியே பல வருஷம் போச்சுன்னா உள்ள இருக்குற மாத்திரை உதிர்ந்து போகுது. அப்போ விபத்து நடந்தா நினைச்சதை விட வேகமா எரிஞ்சு, உலோக டப்பாவே வெடிக்குது. உயிரைக் காப்பாத்த வேண்டிய பை, முகத்துக்கு நேரா இரும்புத் துண்டை வீசுது. அமெரிக்காவுல மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் டப்பாக்களைத் திரும்பக் கூப்பிட வேண்டி வந்துச்சு. அங்க மட்டும் 25 பேருக்கு மேல செத்திருக்காங்க. டகாட்டா 2017 ஜூன்ல திவால்.

அமெரிக்க அரசு ரீகாலுக்கு வரிசை போட்டப்போ ஃப்ளோரிடா, ஹவாய் மாதிரி சூடும் ஈரமும் சேர்ந்த கரையோரப் பகுதிகளை முதல்ல வச்சாங்க. இப்போ கடலூர் மாவட்டத்தோட மே மாசத்தையும் ஐப்பசி அடைமழையையும் நினைச்சுப் பாருங்க. கார் ஷெட் இல்லாம தெருவுல நிக்குற வண்டியையும் சேர்த்து நினைச்சுப் பாருங்க.

அமெரிக்காவுக்கு வெளிய இந்தக் கோளாறால முதல் சாவு நடந்தது நம்மாளுங்க நிறைய பேர் வாழுற மலேசியாவுல. 2014 ஜூலை, சரவாக் மாநிலத்துல சிபு நகரம். 2003 மாடல் ஹோண்டா சிட்டி. ஓட்டுனது ஒரு கர்ப்பிணிப் பெண். ஏர்பேக்ல இருந்து பறந்த உலோகத் துண்டு பட்டு அவங்களும் குழந்தையும் இறந்தாங்க.

இந்தியாவுல ஹோண்டா 2015 செப்டம்பர்ல 2,23,578 கார்களையும், 2016 ஜூலையில 1,90,578 கார்களையும் டகாட்டா ஏர்பேக் மாத்துறதுக்காகத் திரும்பக் கூப்பிட்டுச்சு. அதுக்கு அப்புறமும் தவணை தவணையா அறிவிப்பு வந்துச்சு. அந்த வருஷத்து சிட்டி, ஜாஸ், சிவிக் எல்லாம் இன்னைக்கும் பழைய கார் சந்தையில கை மாறிக்கிட்டு இருக்குற வண்டிங்க.

கடுதாசி வழி தவறுற இடம்

2016 மார்ச்ல டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் பக்கத்துல ஒரு விபத்து. 2002 மாடல் ஹோண்டா சிவிக். சாதாரண மோதல் தான், நடந்து போயிருக்க வேண்டிய 17 வயசுப் பொண்ணு ஏர்பேக் துண்டு கழுத்துல பட்டு செத்துப் போச்சு. அந்தக் காருக்கு 2011-லயே ரீகால் அறிவிச்சாச்சு. பல தடவை கடுதாசி அனுப்பினோம்னு கம்பெனி சொல்லுச்சு. எங்களுக்கு எதுவும் வரலைன்னு குடும்பம் சொல்லுச்சு. வண்டி பழசா வாங்கினது.

அட்ரஸ் ஒழுங்கா இருக்குற நாட்டுலயே இந்த நிலைமைன்னா, நம்ம ஊரை யோசிங்க.

நெய்வேலி டவுன்ஷிப்ல வீடு சொந்த வீடு இல்ல, குவார்ட்டர்ஸ். புது கார் வாங்கும்போது ஆர்.சி.யில ஏறுறது பிளாக், ரோடு, குவார்ட்டர்ஸ் நம்பர். ரிட்டயர் ஆனதும் காலி பண்ணணும். ஒருத்தர் வடக்குத்துலயோ இந்திரா நகர்லயோ வீடு கட்டி வருவார், இன்னொருத்தர் பையனோட சென்னைக்குப் போவார், இன்னொருத்தர் சொந்த ஊருக்கே திரும்புவார். கார் அதுக்குள்ள வித்திருக்கும். கம்பெனி அனுப்புற கடுதாசி பழைய குவார்ட்டர்ஸுக்குப் போகும். அங்க இப்போ வேற குடும்பம். அவங்க அதை என்ன பண்ணுவாங்க? ஏதோ கார் விளம்பரம்னு நினைச்சு ஓரமா வைப்பாங்க.

அடுத்தது பாண்டி ரெஜிஸ்ட்ரேஷன். வரி கம்மின்னு நம்ம மாவட்டத்துல எத்தனை பேர் பாண்டிச்சேரி அட்ரஸ்ல வண்டி எடுத்திருக்காங்கன்னு உங்களுக்கே தெரியும். மாமா வீடு, ஃப்ரெண்டு வீடு, சில சமயம் யார் வீடுன்னே தெரியாத வீடு. கடுதாசி அங்க போகும்.

மூணாவது, பேர் மாத்தாத வண்டி. பணம் கைமாறி, சாவி கைமாறி, ஆர்.சி. மட்டும் பழைய ஓனர் பேர்லயே இருக்கும். போன் நம்பரும் அவரோடது தான். எஸ்.எம்.எஸ். வந்தா "நான் தான் வித்துட்டேனே"ன்னு டெலீட் பண்ணிடுவார்.

கம்பெனிகளே ஊரை விட்டுப் போறதும் உண்டு. ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியோட இந்தியாவுல விற்பனையை நிறுத்துச்சு. ஃபோர்டு 2021 செப்டம்பர்ல தயாரிப்பை நிறுத்தப் போறதா அறிவிச்சுது. கம்பெனி போனாலும் டவேராவும் ஃபிகோவும் ரோட்டுல ஓடிக்கிட்டுத் தான் இருக்கு.

ஆக கோளாறும் தெரியும், மருந்தும் இருக்கு, இலவசமும் கூட. சேர வேண்டியவங்க கைக்கு அந்தத் தகவல் சேராதது தான் பிரச்சினை. 1966-ல இருந்த அதே ஓட்டை. அதனால செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க கடுதாசிக்குக் காத்திருக்காம, நாமளே போய்க் கேக்கணும்.

சரி, எப்படிப் பார்க்குறது?

1. ஆர்.சி.யில இருக்குற சேஸிஸ் நம்பர் முழுசா வேணும். இப்போ வர்ற கார்கள்ல 17 எழுத்து. பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டா சில எழுத்துகளை மறைச்சுத் தான் காட்டும், அதனால விக்கிறவர்கிட்ட ஒரிஜினல் ஆர்.சி. கேளுங்க. தயங்கினா அதுவே ஒரு பதில்.

2. அந்த நம்பர் வண்டி பாடியில அடிச்சிருக்குறதோட ஒத்துப் போகுதான்னு நேர்ல பாருங்க. இதுல ஐ, ஓ, கியூ எழுத்துகள் வராது. ஒன்னு, பூஜ்யத்தோட குழப்பம் வரக்கூடாதுன்னு விட்டுட்டாங்க. முதல் மூணு எழுத்து தயாரிப்பாளர் யாருன்னு சொல்லும். மாருதின்னா எம்ஏ3, ஹூண்டாய்னா எம்ஏஎல், ஹோண்டான்னா எம்ஏகே.

3. கம்பெனி வெப்சைட்ல ரீகால் பக்கத்துல இந்த நம்பரைப் போட்டுப் பாருங்க. அமெரிக்காவுல 2014-ல இருந்து எல்லா பெரிய கம்பெனிக்கும் சேர்த்து அரசாங்கத் தளத்துல ஒரே இடத்துல தேடலாம். நம்ம ஊர்ல அந்தந்தக் கம்பெனி பக்கம் தான் வழி. எந்த மாடலுக்கு எப்போ ரீகால் வந்துச்சுன்னு சியாம் தளத்துலயும் பட்டியல் இருக்கு.

4. வெப்சைட்ல ஒன்னும் வரலைன்னாலும் விடாதீங்க. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டருக்கு நம்பரைக் கொடுத்து, "பெண்டிங் ரீகால் ஏதாவது இருக்கா, முடிச்சதுக்கு என்ட்ரி இருக்கா"ன்னு கேளுங்க. ரீகால் வேலை வண்டியோட சேஸிஸ் நம்பருக்கு. நீங்க எத்தனாவது ஓனர்ங்கிறது கணக்கில்ல, காசும் கேக்கக்கூடாது.

5. பைக் வாங்குறவங்களுக்கும் இது பொருந்தும். 2021 மே மாசம் நம்ம சென்னை ராயல் என்ஃபீல்டு இக்னிஷன் காயில் கோளாறுக்காக 2,36,966 வண்டிகளை பல நாடுகள்ல திரும்பக் கூப்பிட்டுச்சு. புல்லட் தானேன்னு சும்மா வாங்கிடாதீங்க.

6. வாங்கினதும் முதல் வேலையா பேர், அட்ரஸ், போன் நம்பர் மாத்துங்க. சர்வீஸ் சென்டர் ரெக்கார்டுலயும் மாத்தச் சொல்லுங்க. அடுத்த கடுதாசி உங்க வீட்டுக்கு வரணும்ல.

கடைசியா ஒரு எச்சரிக்கை. சேஸிஸ் நம்பர் சுத்தமா வந்தா மட்டும் முழு நிம்மதி கிடையாது. 2017-ல லாஸ் வேகாஸ்ல 2002 மாடல் ஹோண்டா அக்கார்டு ஒன்னு சின்ன விபத்துல மாட்டி, ஓட்டின பொண்ணுக்குத் தொண்டையில பலத்த காயம். அந்த வண்டி ஏற்கனவே பெரிய விபத்துல அடிபட்டு சரி பண்ணி வித்தது. சரி பண்ணும்போது உடைச்ச வேற காரோட பழைய டகாட்டா ஏர்பேக்கைப் போட்டிருக்காங்க. டேட்டாபேஸ்ல இருக்குறது ஃபேக்டரியில போட்ட பார்ட்டோட கணக்கு. பட்டறையில மாத்தின பார்ட் அதுக்குத் தெரியாது. அதனால அடிபட்ட வண்டின்னா ஏர்பேக் எங்க இருந்து வந்துச்சு, பில் இருக்கான்னு கேட்டே ஆகணும். ஏர்பேக் மட்டும் எந்தக் காரணத்துக்கும் காயலான் கடையில வாங்காதீங்க.

மொத்தத்துல பத்து நிமிஷ வேலை. பெயிண்டுக்கும் டயருக்கும் செலவு பண்ற நேரத்துல ஒரு பங்கு கூட இல்ல. ஏற்கனவே செகண்ட் ஹேண்ட் வண்டி வச்சிருக்குறவங்க இன்னைக்கே ஆர்.சி.யை எடுத்துப் பாருங்க. அப்பா ஓட்டுற வண்டி, மச்சான் ஓட்டுற வண்டி நம்பரையும் கேட்டு வாங்கித் தட்டிப் பாருங்க. பெண்டிங்னு ஏதாவது வந்துச்சுன்னா சர்வீஸ் சென்டர்ல எப்படி நடந்துக்கிட்டாங்க, எத்தனை நாள்ல முடிச்சாங்கன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. அடுத்து படிக்க வர்றவங்களுக்கு உதவும்.

கொசுறு: "ரீகால் வந்த வண்டியா? அப்போ வேணாம்"னு ஓடாதீங்க. ரீகால் வந்து முடிச்சு, ரெக்கார்டு இருக்குற வண்டி நல்ல வண்டி தான். ரீகால் வந்ததே தெரியாம ஓடிக்கிட்டு இருக்குற வண்டி தான் பயம்.